சீட்டில் ‘நார்மல்’, இடுப்பில் 96

குடியாத்தத்தில் ஒரு லுங்கி மண்டியில் கணக்கு எழுதுகிறவர் என் சித்தப்பா. வயது 54. உயரம் 165 செ.மீ., எடை 62 கிலோ. நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு இலவச மருத்துவ முகாமில் இரண்டையும் அளந்தார்கள். கால்குலேட்டரில் தட்டி, கையகலச் சீட்டில் ‘பி.எம்.ஐ. 22.8 – நார்மல்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். அதே சீட்டில் சுகருக்கு ஒரு கட்டம் இருந்தது. அதைக் காலியாகவே விட்டுவிட்டார்கள். கை ஒல்லி, கால் ஒல்லி, எண்ணும் நார்மல். இவருக்கு எதற்கு என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டாயிற்று. சித்தப்பா அந்தச் சீட்டைச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாகச் செருகி வைத்தார்.

மூன்று வருடம் கழித்து, செருப்பு கடித்த புண் ஒன்று ஒன்றரை மாதமாகியும் ஆறவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தால் வெறும் வயிற்றில் சுகர் 212. வீட்டில் எல்லோரும் திகைத்துப்போனோம். “ஒல்லியா இருக்கிறவருக்கு எப்படி?” என்று ஆளாளுக்குக் கேட்டபோது சித்தி மட்டும் ஆச்சரியப்படவில்லை. “உங்க சித்தப்பாவுக்கு வயிறுதான் கீது, உடம்பு எங்க கீது?” என்றார். அன்றைக்குத்தான் இன்ச் டேப் வைத்து இடுப்பை அளந்தோம். 96 செ.மீ.

சித்தி கண்ணால் பார்த்துச் சொன்னதை அந்த 22.8 ஏன் சொல்லவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை.

பி.எம்.ஐ. என்கிற உடல் நிறை குறியெண்ணுக்குக் கணக்கு ரொம்ப எளிது. எடையைக் கிலோவில் எடுத்துக்கொண்டு, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுக்க வேண்டும். 62ஐ 1.65ஆல் ஒரு முறை, வந்ததை மறுபடி 1.65ஆல். அவ்வளவுதான். எடை மெஷினும் சுவரில் ஒட்டிய அளவுகோலும் இருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். ரத்தம் வேண்டாம், சட்டையைக் கழற்ற வேண்டாம். உலகம் முழுக்க இது பரவியதற்கு இந்தச் சுலபம்தான் முக்கியக் காரணம்.

இதைக் கண்டுபிடித்தவர் டாக்டர் இல்லை. பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் கெத்தலே வானியலாளர், புள்ளியியலாளர். 1830களில் அவர் தேடியது ‘சராசரி மனித’னை. ஒரு நாட்டு மக்களின் உயரம், எடை எல்லாம் எப்படிப் பரவியிருக்கின்றன என்று பார்த்தபோது, வளர்ந்தவர்களின் எடை ஏறக்குறைய உயரத்தின் வர்க்கத்தோடு சேர்ந்து ஏறுவதைக் கவனித்தார். யாருக்குக் கொழுப்பு அதிகம், யாருக்கு நோய் வரும் என்பது அவருடைய கேள்வியே கிடையாது. நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, 1972ல், அமெரிக்க உடலியலாளர் ஆன்செல் கீஸும் அவருடைய குழுவும் ஐந்து நாடுகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அளந்து, இந்தப் பழைய கணக்குக்குப் பி.எம்.ஐ. என்று பெயர் வைத்தார்கள். அளக்கப்பட்ட அத்தனை பேரும் ஆண்கள். கீஸ் குழுவே இதை முழுத் திருப்தியோடு சொல்லவில்லை. எடையையும் உயரத்தையும் வைத்துப் போடும் மற்ற கணக்குகளைவிட மோசமில்லை என்ற அளவில்தான் பரிந்துரைத்தார்கள். அந்தத் தயக்கம் கட்டுரையிலேயே நின்றுவிட்டது, எண் மட்டும் ஊர் ஊராக வந்து சேர்ந்தது.

வர்க்கம் என்பதிலேயே ஒரு இடறல் உண்டு. ஒரு பொம்மையை நீளம், அகலம், தடிமன் மூன்றிலும் ஒரே விகிதத்தில் பெரிதாக்கினால் எடை உயரத்தின் மும்மடியோடு ஏறும். மனித உடம்பு அப்படியே பெரிதாவதில்லை, வர்க்கத்துக்கும் மும்மடிக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. வர்க்கத்தால் வகுத்தால் உயரமானவர்களுக்கு எண் கொஞ்சம் கூடுதலாகவும் குள்ளமானவர்களுக்குக் கொஞ்சம் குறைவாகவும் வரும். ஆக்ஸ்ஃபோர்ட் கணிதவியலாளர் நிக் ட்ரெஃபெதன் 2013ல் இதைச் சுட்டிக்காட்டி, உயரத்துக்கு இரண்டு மடிக்குப் பதில் இரண்டரை மடி போட்டு வகுத்து, வந்ததை 1.3ஆல் பெருக்கலாம் என்றார். அவர் கணக்குப்படி, 148 செ.மீ. உயரமும் 50 கிலோ எடையும் உள்ள ஒரு பெண்ணுக்கு இப்போது வரும் 22.8, 24.4 ஆகிவிடும். நம் பக்கத்துப் பெண்களில் எத்தனை பேர் 150 செ.மீ. ஒட்டி இருக்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

சரி, இது சின்னப் பிழை. பெரிய பிழை வேறு இடத்தில் இருக்கிறது. எடை மெஷின் தசையையும் கொழுப்பையும் எலும்பையும் தண்ணீரையும் ஒரே மூட்டையாகத்தான் நிறுக்கும்.

வேலூர் சத்துவாச்சாரியில் பளுதூக்குதல் ஒரு மரபு. அங்கிருந்து போன சதீஷ் சிவலிங்கம் 2014ல் கிளாஸ்கோ, 2018ல் கோல்ட் கோஸ்ட் என்று இரண்டு காமன்வெல்த் போட்டிகளிலும் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கினார். அந்தப் பிரிவில் நிற்கும் ஒரு வீரர் 170 செ.மீ. உயரம், 77 கிலோ எடை என்று வைத்துக்கொண்டால் பி.எம்.ஐ. 26.6. 25க்கு மேல் பருமன் என்கிற இந்திய வரம்புப்படி அவர் பருமன் உள்ளவர். ஒரு லிட்டர் தசை சுமார் 1.06 கிலோ, ஒரு லிட்டர் கொழுப்பு சுமார் 0.9 கிலோ. அதனால்தான் தசை ஏறிய உடம்பு பார்க்கச் சிக்கென்று இருந்தாலும் நிறுத்தால் கனக்கிறது. பி.எம்.ஐ.யைக் குறை சொல்கிறவர்கள் எல்லோரும் முதலில் இந்த உதாரணத்தைத்தான் எடுப்பார்கள். எனக்கு இதில் அவ்வளவு கவலை இல்லை. பளு தூக்குகிறவர் தன் உடம்பை அறிந்தவர், யாரோ ‘குண்டு’ என்று எழுதினால் அவருக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. ஊரில் அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர்? இதற்கு நேர் எதிராக, தசை குறைந்து கொழுப்பு கூடி, எண் மட்டும் நார்மலாக இருக்கிறவர்கள்தான் நம் தெருவில் அதிகம்.

இதை ஒரே படத்தில் காட்டிய இரண்டு டாக்டர்கள் உண்டு. ஒருவர் புனேயில் சித்தரஞ்சன் யாஜ்னிக், இன்னொருவர் லண்டனில் ஜான் யுட்கின். 2004ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்ற புகைப்படத்தை வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பின் பங்கு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். எண்ணில் ஒரு புள்ளி வித்தியாசம் இல்லை, கொழுப்பில் இரண்டு மடங்குக்கு மேல்.

யாஜ்னிக் குழு புனே பக்கத்துக் கிராமங்களில் பச்சைக் குழந்தைகளையும் அளந்திருக்கிறது. சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகளைவிட முக்கால் கிலோவுக்கும் மேல் குறைவு. குறைந்தது எது என்று பார்த்தால் தசையும் உள்ளுறுப்புகளும். தோலுக்கடிக் கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. ஒல்லியாகப் பிறந்த கொழுத்த குழந்தைகள் என்று சொல்லலாம். கருவிலேயே சோறு குறைந்தால் உடம்பு முதலில் தசையில் கை வைக்கிறது. அப்புறம் வளர்ந்து, உட்கார்ந்த வேலைக்கு வந்து, மூன்று வேளையும் தட்டு நிறையச் சோறு கிடைக்கும்போது, வாங்கி வைக்கத் தசையில் இடம் இல்லை. சாப்பிட்ட சர்க்கரையில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ள வேண்டியது தசைதான்.

கொழுப்பிலும் எல்லாம் ஒன்றில்லை. தொடையிலும் பின்புறத்திலும் தோலுக்கடியில் சேரும் கொழுப்பு ஒருவகையில் பத்திரமான குதிர். அந்தக் குதிர் நம்மவர்களுக்குச் சீக்கிரம் நிரம்பிவிடுகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். நிரம்பி வழிந்தது வயிற்றறைக்குள் போய்க் குடலைச் சுற்றியும், ஈரலிலும், கணையத்திலும் படிகிறது. குடலைச் சுற்றியுள்ள கொழுப்பிலிருந்து கிளம்பும் கொழுப்பு அமிலம் நேராக ஈரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் இறங்குகிறது. ஈரல் இன்சுலின் பேச்சைக் கேட்பதை நிறுத்துகிறது, தேவையில்லாத நேரத்திலும் சர்க்கரையை வெளியே விடுகிறது. ஈடுகட்டக் கணையம் கூடுதல் இன்சுலின் சுரந்து சுரந்து ஒரு நாள் களைத்துப்போகிறது. இத்தனையும் நடக்க ஆள் குண்டாக வேண்டியதில்லை. சித்தப்பா உடம்பில் நடந்தது ஏறக்குறைய இதுதான்.

ஒரே எண்ணுள்ள இரண்டு பெண்களை மனதில் வையுங்கள். இருவரும் 150 செ.மீ., 51 கிலோ, பி.எம்.ஐ. 22.7. ஒருவர் கே.வி.குப்பம் பக்கம் வேர்க்கடலைக் கொல்லையில் களை எடுத்து, தலைச்சுமை சுமக்கிறவர், இடுப்பு 72. இன்னொருவர் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் காலை முதல் மாலை வரை தையல் மெஷின் முன்னால் குனிந்து உட்கார்கிறவர், இடுப்பு 86. முகாமுக்கு வந்தால் இருவருக்கும் ஒரே சீட்டுதான்.

வரம்புகளும் ஊருக்கு ஊர் வேறு. உலக சுகாதார நிறுவனம் 25க்கு மேல் அதிக எடை, 30க்கு மேல் பருமன் என்கிறது. அமெரிக்காவில் 1998 வரை ஆண்களுக்கு 27.8, பெண்களுக்கு 27.3 என்று இருந்த அதிக எடைக் கோட்டை 25க்கு இறக்கினார்கள். ஒரு கிராம்கூட ஏறாமல், இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நாளில் அந்தப் பட்டியலுக்குள் வந்துவிட்டார்கள். ஆசியர்களுக்கு 23லிருந்தே கவனம் வேண்டும் என்று 2004ல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு சொன்னது. 2009ல் இந்திய மருத்துவர்கள் கூடி 23க்கு மேல் அதிக எடை, 25க்கு மேல் பருமன் என்று வகுத்தார்கள். 26 உள்ள ஒருவர் ஒரு சீட்டில் ‘கொஞ்சம் அதிக எடை’, இன்னொரு சீட்டில் ‘பருமன்’. கைபேசிச் செயலிகளில் போட்டுப் பார்க்கிறவர்கள் அது எந்த வரம்பைப் பின்பற்றுகிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது. வெளிநாட்டு வரம்பில் 24.5 பச்சை நிறத்தில் வரும்.

2009ல் அதே கூட்டம் இடுப்புக்கும் கோடு போட்டது. ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. டெய்லர் கணக்கில் ஏறக்குறைய முப்பத்தைந்தரை இன்ச், முப்பத்தொன்றரை இன்ச். இந்தக் கோட்டை வைத்து நாடு முழுக்க எண்ணிப் பார்த்தது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நடத்திய பெரிய சர்க்கரை நோய் ஆய்வு. 2023ல் முழு முடிவு வந்தது. பி.எம்.ஐ. 25ஐ வைத்துப் பார்த்தால் பருமன் 28.6 சதவீதம். இடுப்பை வைத்துப் பார்த்தால் 39.5 சதவீதம். நடுவில் இருக்கும் அந்தப் பதினொரு சதவீதத்தில் எத்தனை சித்தப்பாக்கள், எத்தனை சித்திகள். அதே ஆய்வில் நாட்டின் சர்க்கரை நோய் விகிதம் 11.4 சதவீதம், தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். மாரடைப்பிலும் இதே கதைதான். 52 நாடுகளில் சுமார் 27,000 பேரை வைத்து நடந்த ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வு, இடுப்புக்கும் பின்புறத்துக்கும் உள்ள விகிதம் பி.எம்.ஐ.யைவிட மாரடைப்போடு நெருக்கமாகச் சேர்ந்து வருகிறது என்று 2005ல் காட்டியது.

வேலூருக்கு இந்த விஷயத்தில் தனி இடம் உண்டு. 1969 முதல் 1973 வரை வேலூர் நகரத்திலும் கே.வி.குப்பம் பக்கத்துக் கிராமங்களிலும் பிறந்த குழந்தைகளின் விவரங்களைச் சி.எம்.சி.யில் பதிந்து வைத்தார்கள். அந்தக் குழந்தைகளை 26 முதல் 32 வயதில் மறுபடி தேடிப் பிடித்துப் பரிசோதித்தபோது, அந்த இளம் வயதிலேயே சர்க்கரைக் கோளாறு பரவலாக இருந்தது தெரிந்தது. டெல்லியில் நடந்த இதே மாதிரி ஆய்வு 2004ல் இன்னொன்றைச் சொன்னது. பெரியவர்களான பிறகு சர்க்கரைக் கோளாறு வந்தவர்கள் இரண்டு வயதில் மெலிந்திருந்தவர்கள், அதற்குப் பிறகு பன்னிரண்டு வயதுவரை பி.எம்.ஐ. படிப்படியாக ஏறியவர்கள். பன்னிரண்டு வயதிலும் அவர்கள் குண்டுப் பிள்ளைகள் இல்லை. முக்கியமானது ஏறிய வழி. ஒரு நாள் எடுக்கும் ஒற்றை எண்ணில் அந்த வழி தெரியாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, ஒல்லிப் பக்கம். பி.எம்.ஐ. 19க்கும் கீழே, வத்தலும் தொத்தலுமாக, ஏழ்மையில் வளர்ந்த இளைஞர்களுக்குச் சர்க்கரை நோய் வருவதை இந்தியாவில் பல காலமாகப் பார்த்திருக்கிறார்கள். ஊட்டக்குறைவால் வரும் சர்க்கரை நோய் என்று 1985ல் உலக சுகாதார நிறுவனம் தனி வகையாக வைத்திருந்தது, 1999ல் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும் நியூயார்க் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரியினரும் சேர்ந்து இவர்களை நுணுக்கமாக ஆராய்ந்து 2022ல் வெளியிட்ட கட்டுரை அதை மீண்டும் பேசவைத்தது. இவர்களுக்கு இன்சுலின் சுரப்பே குறைவு. ஈரலிலும் வயிற்றிலும் கொழுப்பு குறைவு. குண்டானவர்களுக்கு வரும் வகையும் இல்லை, சிறு வயதில் வரும் முதல் வகையும் இல்லை. 2025ல் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு இதை ஐந்தாம் வகை என்று ஏற்றுக்கொண்டது. முதல் வகை என்று நினைத்து இன்சுலினை அள்ளிப் போட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். ஒல்லியானவனுக்குச் சுகர் வராது என்று இரத்தம் எடுக்காமல் அனுப்புவதில் இப்படியும் ஒரு கேடு இருக்கிறது.

வயதானவர்கள் விஷயத்தில் எண் இன்னும் தடுமாறும். வேலூர் பக்கத்துக் கம்மவான்பேட்டையில் தலைமுறை தலைமுறையாக ராணுவத்துக்குப் போகிறார்கள். அந்த மாதிரி ஊர்களில் ஓய்வுபெற்றவர்கள் “பட்டாளத்துல இருந்த அதே வெய்ட்டுதான்” என்று பெருமையாகச் சொல்வதைக் கேட்கலாம். எடை அதேதான். முப்பது வருடத்தில் தசை கிலோ கிலோவாகப் போய், அந்த இடத்துக்குக் கொழுப்பு வந்திருக்கும். முதுகெலும்பு தேய்ந்து உயரம் குறைந்தால் எடை கூடாமலே பி.எம்.ஐ. ஏறும். கால் வீக்கம், வயிற்றில் நீர்க்கோவை, கர்ப்பம் எதுவும் அந்தக் கணக்குக்குத் தெரியாது. குழந்தைகளுக்கோ இந்த வரம்புகள் அறவே பொருந்தாது, அவர்களுக்கு வயதுவாரி வளர்ச்சி அட்டவணை தனியாக உண்டு.

இவ்வளவு சொன்னாலும் பி.எம்.ஐ.யைத் தூக்கிப்போடச் சொல்ல மாட்டேன். ஊரளவில், மாநில அளவில் எண்ண அது நல்ல கருவி. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 25ஐத் தாண்டியவர்கள் 2015–16ல் 30.9 சதவீதம், 2019–21ல் 40.4 சதவீதம். ஒவ்வொரு ஆளிலும் கொஞ்சம் பிழை இருந்தாலும் இந்த ஏற்றம் பொய்யில்லை. 35, 40 என்று வருகிற இடத்தில் எண் அநேகமாகத் தவறுவதும் இல்லை. ஊட்டக்குறைவைக் கண்டுபிடிக்கவும் அது வேண்டும். சிக்கல் எல்லாம் நடுவில், 21க்கும் 27க்கும் இடையில். நம்மில் பெரும்பாலோர் நிற்கும் இடமும் அதுதான். 2025 ஜனவரியில் வெளியான லான்செட் ஆணையத்தின் அறிக்கையும் இதையே சொல்கிறது: தனி ஆள் ஒருவருக்குப் பருமன் இருக்கிறதா என்று பி.எம்.ஐ.யை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது, இடுப்பளவோ நேரடிக் கொழுப்பு அளவீடோ சேர வேண்டும், உறுப்புகள் பாதிக்கப்பட்டிருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

இடுப்பை எங்கே அளப்பது என்பதில்தான் நம்மவர்கள் தப்பு செய்கிறார்கள். “பதினஞ்சு வருஷமா 34 இன்ச் பேண்ட்தான்” என்று சொல்கிற ஆண்களைக் கவனியுங்கள், பேண்ட் தொப்பைக்குக் கீழே இறங்கியிருக்கும். லுங்கியும் அப்படித்தான். அளக்க வேண்டிய இடம் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், பலருக்கும் தொப்புளை ஒட்டி வரும். துணிக்கு மேலே அளக்கக்கூடாது. வயிற்றை எக்கக்கூடாது. இயல்பாக மூச்சை விட்டு முடித்ததும் அளக்க வேண்டும்.

டேப் இல்லாத வீட்டில் கயிறு போதும். தலை முதல் பாதம் வரை ஒரு கயிற்றைப் பிடித்து அளந்து, பாதியாக மடித்து, இடுப்பைச் சுற்றிப் பாருங்கள். முனைகள் தொட்டால் நல்லது, தொடாவிட்டால் ரத்தப் பரிசோதனைக்கு நேரமாகிவிட்டது. இடுப்பு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும் என்பதை இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டு அமைப்பு 2022ல் அதிகாரபூர்வமாகச் சேர்த்தது. நம் ஆண்களுக்கு இடுப்பில் கயிறு புதிதில்லை. பத்து வருடத்தில் மூன்று தடவை சித்தப்பாவுக்கு அரணாக்கயிறு மாற்றியதாகவும், ஒவ்வொரு தடவையும் இரண்டு விரற்கடை நீளம் கூட்டி வாங்கியதாகவும் சித்தி கணக்கு சொன்னார். பழசு இறுகி இடுப்பில் தடம் பதிந்துவிடுமாம். முகாமில் யாராவது அதைப் பார்த்திருந்தால் அந்தக் காலிக் கட்டம் நிரம்பியிருக்கும்.

வீட்டுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்க்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டில் தொடங்கியது. உங்கள் தெருவுக்கு வரும்போது, ஒல்லிதானே என்று உள்ளேயே உட்கார்ந்துவிடாதீர்கள். முப்பது தாண்டியவர்கள் விரலை நீட்டுங்கள்.

சித்தப்பாவுக்குப் புண் ஆறிவிட்டது. மாத்திரை போடுகிறார். ராத்திரிச் சோற்றைப் பாதியாக்கி, சுண்டலும் முட்டையும் சேர்த்துக்கொள்கிறார். மண்டிக்கு நடந்தே போய் வருகிறார். படிக்கட்டில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்கும் பயிற்சியைச் சித்தி அவரை விடாமல் செய்யவைக்கிறார். போன மாதம் மறுபடி அளந்தோம். எடை 59 கிலோ, பி.எம்.ஐ. 21.7. சீட்டு இன்றைக்கும் ‘நார்மல்’ என்றுதான் சொல்லும். இடுப்பு 96லிருந்து 90க்கு வந்திருக்கிறது. கயிற்றை மடித்து வைத்துப் பார்த்தார், முனைகள் தொட இன்னும் ஏழரை செ.மீ. பாக்கி.